டி10 தண்டுவடக் காயம்: மூத்திரம் வடிக்கிறது, வயிறு, கல்யாணம்

கேள்வி (திருவட்டாறு):
தென்னையில இருந்து விழுந்த அண்ணனுக்கு டி10-ல (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தோட பத்தாவது மட்டம்) முழுக் காயம், அதுக்குக் கீழ உணர்வும் அசைவும் இல்ல, வயசு 29. நிரந்தர மூத்திர டியூபை எடுத்துட்டு, நேரத்துக்கு நேரம் டியூப் விட்டு வடிக்கச் சொல்லியிருக்காவ. எத்தனை தடவை? வயிறும் மூணு நாளா போவல. கல்யாணப் பேச்சும் நடக்கு.

பதில் 1:
தடவையை விட அளவுதான் முக்கியம். ஒருக்க வடிச்சா 400 மில்லிக்குள்ள நிக்கணும். 500 தாண்டுனா இடைவெளியைக் குறைங்க. பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாயா வேண்டாம்.

12 அல்லது 14 நம்பர் நெலட்டான் டியூப் (வடிச்சதும் உருவிடுற மெல்லிய டியூப்), வழுக்க ஜெல். கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு, உறுப்பை மேல்நோக்கிப் பிடிச்சு மெதுவா விடணும். தட்டி நின்னா தள்ளாதீங்க. மூத்திரப்பையோட வாய்த்தசை இறுகியிருக்கும், கொஞ்சம் பொறுத்தா இளகும். மூத்திரம் வந்ததும் இன்னும் 2 செ.மீ. உள்ளே. நின்னதும் மெல்ல உருவினா மிச்சமும் வரும்.

இந்த மட்டத்துக் காயத்துல மூத்திரப்பை தானா சுருங்கும், அதே நேரம் வாய்த்தசையும் இறுகும். அழுத்தம் கிட்னிக்கு ஏறும். அதனால அடிவயித்தை அமுக்கி வெளியேத்துறது கூடவே கூடாது. வருஷம் ஒருக்க கிட்னி ஸ்கேன், கிரியாட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) பாக்கணும். காய்ச்சல் இல்லாம மூத்திரம் கலங்கலா இருக்குன்னு மட்டும் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

பதில் 2:
வயித்துக்கு: தினமும் அல்லது ஒருநாள் விட்டு, ஒரே நேரம். சாப்பிட்டு 20-30 நிமிஷம் கழிச்சு இடப்பக்கமா படுக்கவச்சு, கையுறை போட்டு, கையில தட்டுற மலத்தை முதல்ல எடுங்க. பிறகு பிசகோடில் சப்போசிட்டரியை (மலவாயில வைக்கிற பேதி மருந்து) குடல் சுவரோட ஒட்டி வைங்க. மலத்துக்குள்ள குத்தினா வேலை செய்யாது. 15 நிமிஷம் கழிச்சு மலவாய்க்குள்ள விரலை 15-20 வினாடி வட்டமா சுத்தணும், 5-10 நிமிஷத்துக்கு ஒருக்க திரும்பவும். மூணு நாள் கட்டிட்டு தண்ணியா ஒழுகினா பேதின்னு நினைச்சு நிப்பாட்டு மாத்திரை குடுத்திராதீங்க, கட்டியைச் சுத்தி ஒழுகுறதா இருக்கும். வாந்தி, வயிறு உப்பல் இருந்தா உடனே ஆஸ்பத்திரி.

பதில் 3:
எஸ்2-எஸ்4 நரம்பு (தண்டுவடத்தோட அடி நுனியில இருக்கிறது) கெடாம இருந்தா தொடுகையில விறைப்பு வரும். நினைப்புல வராது, மூளையோட பாதை அறுந்திருக்கு. விறைப்பு நிலைக்காம போனா சில்டெனாஃபில் மாத்திரை, டாக்டர் சொல்லி மட்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவங்களுக்கு ஆகாது. விந்து தானா வர்றது அபூர்வம். வைப்ரேட்டர் இல்லேன்னா மின் தூண்டுதல் வச்சு எடுத்து, செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகலாம். பெண் வீட்டுக்கு முன்னாலேயே சொல்லிருங்க, அது அவங்க உரிமை.

கேள்வி கேட்டவர்:
காண்டம் டியூப் (உறுப்பு மேல உறை மாதிரி மாட்டுறது) போட்டா வடிக்க வேண்டாமா அண்ணே?

பதில் 1:
ஒழுகுறதை அது பிடிக்கும், பையைக் காலி பண்ணாது. அதைப் போட்டாலும் வடிக்கிறதை நிப்பாட்டக்கூடாது, தம்பி.