உங்க கற்பனை தீம் பார்க்கை ஒருத்தர்கிட்ட காட்டினப்போ அவங்க சொன்ன ஏதாவது ஒண்ணு இன்னும் மண்டைல ஓடுதா?

கரைக்காரன், தொண்டையார்பேட்டை

கற்பனை பார்க்னா என்ன, ஏன் வரையறோம்னு விளக்கப் போறதில்ல. இங்க இருக்கற எல்லாருமே அந்தப் பைத்தியம்தான். என்னோடது பேரு 'பழைய கரை'. பதினோரு வருஷமா வரையறேன். ஹார்பர் சுவர் எழும்பினதுலேர்ந்து தெக்க இருந்து வர்ற மணல் அந்தப் பக்கமே தேங்கி மெரினா அகலமாச்சு, ராயபுரத்துக்கு வடக்க நம்ம கரை தேஞ்சு போச்சு. அப்படிக் கடல் எடுத்துட்டுப் போன தெருவெல்லாம் திரும்ப வந்தா எப்படி இருக்கும்? அதான் என் பார்க். நிஜத்துல ஒரு சென்ட் நிலம் கிடையாது, மொத்தமும் தண்ணிக்குள்ள. அதனால நிலம் வாங்கற செலவு மிச்சம்.

மெயின் ரைடு 'விசைப்படகு'. செயின்ல 18 மீட்டர் ஏறும், ஒரே இறக்கம், 90 கிலோமீட்டர் வேகத்துல தண்ணில வந்து விழும். இத காசிமேட்டுல, ஐஸ் உடைக்கிற எடத்துக்கு எதிர் டீக்கடைல வெச்சு எங்க மாமாவோட தோஸ்து ஒருத்தருக்குக் காட்டினேன். அவரு நிஜ விசைப்படகு டிரைவர், முப்பது வருஷத்துக்கு மேல கடலுக்குப் போறவரு. கண்ணாடி எடுத்து வரல. ஷீட்ட கை நீட்டித் தூர வெச்சுப் பாத்தாரு.

"இன்னா நைனா இது, இப்டியா போவும்?"ன்னுட்டு, பாதி டீ இருந்த கிளாஸ எடுத்து மெதுவா சாச்சாரு. "முகத்துவாரம் தாண்டுறப்ப மூக்கு மேல தூக்கும். அப்ப ஒண்ணும் தெரியாது. மேல போய் ஒரு செகண்டு நிக்கும் பாரு, அப்பதான் வயிறு வாய்க்கு வரும்." கிளாஸ் அந்தச் சாய்வுலயே நிக்குது. டீ விளிம்பு வரைக்கும் வந்து மினுக்குது, ஒரு சொட்டு சிந்தல.

எனக்கு ஒரே குஷி. 'உச்சில ஒரு செகண்டு நிறுத்தணும்'னு ஓரத்துல எழுதிட்டிருக்கேன், அவரு கேக்கறாரு: "ஏறுறவனுக்கு திரும்பி வந்துருவோம்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமா."

"அப்பால எதுக்குக் கத்துறான்?"

கிண்டல் இல்லீங்க. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. நான் திரில்லு, அது இதுன்னு இருபது நிமிஷம் பேசினேன். "ஓ"ன்னு சொல்லிட்டு பீடி பத்தவெச்சாரு. ரெண்டு வருஷமாச்சு, அந்த ரைடை என்னால முடிக்க முடியல. உங்களுக்கு இப்படி ஏதாவது?

மூணாம்_ஷிப்ட், பெரம்பூர்

எங்க தாத்தாவுக்கு பி அண்ட் சி துணி மில்லுல வேலை, 1996-ல மூடுற வரைக்கும். என் பார்க்குல ஒரு பக்கம் முழுக்க மில்லுதான். நூல்கண்டு மாதிரி சுத்துற கப்பு, தறி அடிக்கிற தாளத்துக்கு ஆடுற ஊஞ்சல். மணிக்கு ஒரு தபா சங்கு ஊதும், அப்ப எல்லா ரைடும் ஒரே நேரத்துல ஆளு மாத்தும். ஷிப்டு மாறுற மாதிரி.

அந்தச் சங்கு சத்தத்த லேப்டாப்ல செஞ்சு, பெரிய ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்தேன். மத்தியானம் ரெண்டேகால் இருக்கும். உள் ரூம்ல தூங்கிட்டிருந்த தாத்தா எழுந்து வந்தாரு. ஆணில மாட்டியிருந்த சட்டைய எடுத்து ஒரு கைய விட்டுட்டாரு. அடுத்த கைய விடுறதுக்குள்ள அம்மா அடுப்படிலேர்ந்து வந்து நின்னுட்டாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. அவரே கழட்டி, அதே ஆணில மாட்டிட்டு, என் பக்கம் திரும்பி, "சத்தம் சன்னமா இருக்குடா. இன்னும் அடிவயித்துலேர்ந்து வரணும்"னாரு.

திருத்திட்டேன். வூட்ல போட்டுப் பாக்கறதில்ல.

கணக்கு_வாத்தி, மாதவரம்

கரைக்காரன் தம்பி, முதல்ல அந்த 90-ஐ அழிங்க. உராய்வே இல்லன்னு வெச்சுக்கிட்டாலும் 18 மீட்டர் இறக்கத்துல 68 கிலோமீட்டரத் தாண்டாது. பிளஸ் ஒன் பையன் போடற கணக்கு. 90 வேணும்னா 32 மீட்டர் ஏத்தணும். தண்ணி, சக்கரம், காத்து எல்லாம் திங்கறதுக்குன்னு அதுக்கு மேலயும் கொஞ்சம் வைக்கணும்.

அடுத்தது, போன வருஷம் நீங்க போட்ட பிளான். நுழைவாயிலுக்குக் கீழ வேலையாளுங்க போக வர சுரங்கம் காட்டியிருந்தீங்க. அப்பவே சொல்லணும்னு இருந்தேன். நம்ம பக்கம் கடப்பாரை போட்டாலே தண்ணி எட்டிப் பாக்கும். ஃப்ளோரிடாவுலயும் இதே கதைதான், சதுப்பு நிலம். 1971-ல அங்க திறந்த டிஸ்னியோட மேஜிக் கிங்டம் பார்க்குக்கு அவங்க கீழ தோண்டவே இல்ல. சுரங்கத்த தரை மட்டத்துலயே கட்டினாங்க, பக்கத்துல ஏரி வெட்டின மண்ண அது மேல கொட்டினாங்க, அதுக்கும் மேலதான் பார்க்கு. ஜனங்க தரைன்னு நெனச்சு நடக்கறது உண்மைல மொத மாடி. நீங்களும் அப்படிப் பண்ணலாம். கடலுக்குள்ள இருக்கற பார்க்குக்கு மண்ணு எங்கருந்து வரும்னு எங்கிட்ட கேக்காதீங்க.

அப்பறம் ஆள் கணக்கு. இத யாருமே போடறதில்ல, எல்லாரும் டிராகன் வாய்க்கு பெயின்ட் அடிக்கறதுலயே இருக்கீங்க. உங்க பிளான்படி படகுக்கு 8 பேர், 40 செகண்டுக்கு ஒரு படகுன்னா மணிக்கு 720 பேர். பத்து மணி நேரம் ஓட்டினா 7,200. உங்க பார்க்குக்கு தினம் 10,000 பேர் வர்றதா எழுதியிருக்கீங்க. மிச்சம் 2,800 பேரும் மெயின் ரைடுல ஏறாமலே வீட்டுக்குப் போவாங்க, போற வழியெல்லாம் உங்களத் திட்டிட்டே போவாங்க. இதுல உச்சில வேற ஒரு செகண்டு நிறுத்தப் போறீங்க, இன்னும் கொறையும். நிழல், குடிதண்ணி, கழிவறை மூணையும் வரிசைக்குப் பக்கத்துலயே வைங்க. சென்னை வெயில் அமெரிக்கா வெயில் இல்ல.

என் அனுபவம் கேட்டா பெருசா ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல தீவுத்திடல் பொருட்காட்சில, கொலம்பஸ் கப்பலுக்கு அடியில எட்டிப் பாத்தேன். ஒரு லாரி டயர் சுத்திட்டு இருந்துச்சு. கப்பலோட வயித்த அதுதான் உரசித் தள்ளுது. ஓட்டுறவரு என்னக் கூப்பிட்டு லீவரப் பிடிக்க விட்டாரு. மேல நாப்பது பேரு அலறுறாங்க, என் மூக்குல ரப்பர் தேயற வாசன. அவ்வளவுதான்.

பிரேக்_டான்ஸ், கொருக்குப்பேட்டை

சார், அந்த டயரப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு கணக்க கடைசில போட்டிருக்கலாம்.

@மூணாம்_ஷிப்ட், அடிவயித்து சத்தம் வேணும்னா சப்வூஃபர் தனியா வெச்சு, அந்த ஒலிய ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழ எறக்கி ரெண்டையும் கலந்து பாருங்க. நீங்க கேக்கலதான்.

எம்சி_ரோடு, திருவொத்தியூர்

நான் வரையறது புடவை அட்டைல. புடவைக்குள்ள மடிச்சு வெச்சு வருமே, அது. வண்ணாரப்பேட்டைல ஜவுளிக்கடைல வேலை, அதனால அட்டைக்குப் பஞ்சமில்ல. ஒரு பக்கம் பளபளப்பு, இன்னொரு பக்கம் சொரசொரன்னு பென்சில நல்லாப் பிடிக்கும். அப்படி ஒரு முப்பது அட்டைய ஒட்டி, மடக்கி, ஒரு அனிமேஷன் காலேஜ் இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போனேன்.

பாத்த மேடம் நல்லாவே பேசினாங்க. நடுவுல இருந்த அரண்மனை மேல விரல வெச்சு, "இது ஏன்?"னாங்க. எல்லா பார்க்குலயும் நடுவுல இருக்கும் மேடம்னேன். அப்பதான் சொன்னாங்க, டிஸ்னிலேண்டு அரண்மனை வெறும் 77 அடிதானாம். மேல போகப் போக கல்ல சின்னதாக்கி, கண்ண ஏமாத்தி உசரமாக் காட்டுறாங்களாம். வாசல்ல நுழையற ஜனம் அதப் பாத்துட்டே உள்ள நடந்து வரணும், அதுக்குத்தான் அங்க வெச்சது, மத்தபடி ராஜா ராணிக்காக இல்லன்னாங்க. அப்பறம், "உங்க வீட்டு மொட்டை மாடில நின்னா தூரத்துல மொதல்ல எது தெரியும்?"

யோசிக்கவே இல்ல. "அனல் மின் நிலையத்துப் புகைக்கூண்டு, மேடம்."

"ம்"னாங்க, அவ்வளவுதான். நான் அங்கியே ரப்பர் எடுத்து அரண்மனைய அழிக்க ஆரம்பிச்சுட்டேன். புடவை அட்டைல ரப்பர் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? மேல் தோல் உரிஞ்சு நார் நாரா வந்துச்சு. மேடம் "விடும்மா, விடும்மா"ங்கறாங்க. நான் நிறுத்தல. இப்ப நடுவுல புகைக்கூண்டுதான், ராத்திரில சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியும். ஆனா அந்த எடம் மட்டும் இன்னும் புண்ணு மாதிரி இருக்கு, எந்த கலரும் ஒட்டல. (சீட்டு கெடச்சுது, ஃபீஸ் கட்டல. அது வேற கதை.)

எண்ணூர்_அப்பா

தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. புகைக்கூண்டுக்குக் கலர் லைட்டு போட்டு, அதப் பாத்து ஜனம் நடந்து வரணுமா? அதுக்குப் பக்கத்துல குடியிருக்கறவன் டிக்கெட் வாங்குவானா? எங்க வூட்ல காலைல வண்டி சீட்டத் தொடச்சா துணி சாம்பல் கலர்ல வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்துச்சே, கழிமுகத்துல அலையாத்தி மரத்துல எல்லாம் இடுப்பளவுக்குக் கோடு போட்ட மாதிரி கருப்பு. அதையும் ஒரு ரைடா போட்டுருவீங்களா? இந்த மாதிரி வரையறதுக்கு முன்னாடி எர்ணாவூர் தாண்டி ஒரு நாள் வந்து உக்காருங்க. மொட்டை மாடிலேர்ந்து பாத்தா எல்லாம் அழகாத்தான் இருக்கும்.

என் கதையச் சொல்லிடறேன், அதுக்குத்தான் வந்தேன். தெர்மாகோல்ல பையனும் நானும் ஒரு பார்க்கு செய்யறோம், அவனுக்கு ஆறு வயசு. வீசிங் இருக்கு. போன மாசம் அவன் தனியா ஒரு ரைடு வரைஞ்சு ஒட்டியிருந்தான். வட்டமா சேரு, ஒவ்வொரு சேர்லயும் ஒரு பையன், எல்லாரு மூஞ்சிலயும் மாஸ்க்கு, அதுலேர்ந்து குழாய். "இது இன்னாடா?"ன்னேன். "பொகை ரைடுப்பா. அஞ்சு நிமிஷம் சும்மா குந்தணும். முடிஞ்சா ஒரு சாக்லேட்." உயரக் கட்டுப்பாடு இருக்காடான்னு கேட்டேன், வேற என்ன கேக்கறதுன்னு தெரியல. "இல்ல, பாப்பாவும் வரலாம்"னான்.

பார்க்குலயே அதுக்குத்தான் வரிசை நீளமா வரைஞ்சிருக்கான்.

எம்சி_ரோடு, திருவொத்தியூர்

அண்ணா, அழகுன்னு நான் எங்கயும் சொல்லலையே. தெரியுதுன்னுதான் சொன்னேன். எங்க மாடிலயும் துணி காயப்போட்டா கருப்புதான்.

தம்பியோட ரைடுக்கு அட்டை வேணும்னா சொல்லுங்க, அனுப்பறேன்.

பிரவுசிங்_சென்டர், வியாசர்பாடி

நான் பேப்பர்ல வரையற கூட்டம் இல்ல, ரோலர்கோஸ்டர் டைகூன் கூட்டம். 1999-ல வந்த, பார்க்கு கட்டி நடத்தற கம்ப்யூட்டர் கேமு, கிறிஸ் சாயர்னு ஒருத்தரே கிட்டத்தட்ட முழுசையும் மெஷினுக்கு ரொம்ப கிட்ட இருக்கற அசெம்பிளி மொழியில எழுதினது. அதான் எங்க ஏரியா பிரவுசிங் சென்டர்ல இருந்த ஓட்டை கம்ப்யூட்டர்லயும் ஓடுச்சு. மணிக்கு இருபது ரூபா. பள்ளிக்கூடம் விட்டா நேரா அங்கதான்.

ஒரு நாள் ராத்திரி பத்து மணி. கடைக்கார அண்ணன் ஷட்டர பாதி எறக்கிட்டாரு. நான் பார்க்க மூடிட்டேன், ஜனமெல்லாம் கெளம்பிருச்சு, ஒரே ஒரு ஆளு மட்டும் வழி தெரியாம சுத்திட்டே இருக்கான். வீட்டுக்குப் போகணும்னு அவன் நெனக்கறதா காட்டுது. எனக்கு அவசரம். இடுக்கியால தூக்கி வாசல்ல போட்டுறலாம், கேம்ல அதுக்கு வசதி இருக்கு. மவுஸ நகத்துறேன், பின்னாடிலேர்ந்து அண்ணன், "டேய், தூக்காத. வழி போடு, அதுவா போவட்டும்"னாரு.

நான் பாதை போட்டேன். அவன் எதிர்ப்பக்கம் போனான். அண்ணன் ஸ்டூல இஸ்துப் போட்டுப் பக்கத்துல குந்திட்டாரு. திரும்ப ஒரு பாதை. கொலம்பஸ் மாதிரி ஒரு கப்பல் ரைடு, அதச் சுத்தி மூணு ரவுண்டு. கடைசில வாசல் வந்து, அவன் வெளிய போற வரைக்கும் பாத்துட்டுத்தான் அண்ணன் மீதி ஷட்டர எறக்கினாரு. அந்த முக்கா மணி நேரத்துக்குக் காசு வாங்கல. எங்கம்மாகிட்ட வாங்கினது தனி.

கரைக்காரன், தொண்டையார்பேட்டை

எல்லாத்தையும் படிச்சேன். சங்கு போஸ்ட்ட மட்டும் ரெண்டு தபா.

@கணக்கு_வாத்தி சார், 68 கரெக்டு, மாத்திட்டேன். ஆனா உச்சில நிக்கறதால ஆளு கொறையாது. ரைடு எவ்வளவு நேரம் ஓடினா என்ன, 40 செகண்டுக்கு ஒரு படகு கெளம்புச்சுன்னா 720 பேர் 720 பேர்தான். உச்சில ரெண்டு படகு முட்டிக்காம பாத்துக்கணும், கூட ஒரு படகு விடணும், அவ்வளவுதான். பிளஸ் டூ பையன் போடற கணக்கு.

இப்ப மீன்பிடி தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் படகெல்லாம் கரையிலதான் கெடக்கு. அவரும் வல பின்னிட்டுத்தான் இருப்பாரு. ஞாயித்துக்கெழம புது ஷீட்டோட போறேன். ஏறுற எடத்துல 'வெளியே செல்லும் வழி' போர்ட எடுத்துட்டேன், படகு எந்தப் பக்கம் போய் நிக்கும்னு வரிசைல நிக்கறவனுக்குத் தெரியாது. அதுக்கு அவரு இன்னா சொல்வாருன்னு தெரியல. கண்ணாடிய மறக்காம எடுத்து வரச் சொல்லியிருக்கேன்.