வளவு வீட்டுக் குழு: சின்னவளை ரோபோ அணியில் சேர்க்கலாமா?

உமையாள் (காலை 9:10)
எல்லோருக்கும் வணக்கம். சின்னவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். போட்டிகளுக்குச் செல்லும் ரோபாட்டிக்ஸ் அணிக்குப் பள்ளியில் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறார்கள். சனிக்கிழமை முழுவதும், வார நாட்களில் இரண்டு மாலையும் பயிற்சி இருக்குமாம். பெயர் கொடுப்பதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன்.

தேவகோட்டைச் சித்தப்பா (காலை 9:24)
செலவு எவ்வளவு என்று முதலில் விசாரித்தாயா, உமையாள்? மெய்யப்பன் போட்டியைப் பார்க்க நானும் போயிருந்தேன். அந்தச் சிறிய வண்டி மேசையில் ஓடியது மொத்தம் இரண்டரை நிமிடம்; அதற்கு ஆறு மாத உழைப்பு. பொறியியல் கலந்தாய்விலும் இதனால் பயன் இல்லை. கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 போய்விட்டால் ரோபோவுக்கு மிச்சம் எங்கே இருக்கிறது?

அலமேலு ஆச்சி (காலை 9:41)
சித்தப்பா சொல்வதை நான் மறுக்கவில்லை. கல்லூரி இடத்துக்காக என்றால் சேர்க்கவே வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதா என்று கேள், உமையாள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு தரும் திட்டம் அது; இருந்தால் கருவிகளுக்கு நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்காது. மற்றபடி என் மகன் என்ன கற்றான் என்பதை அவனே எழுதட்டும். நான் சொன்னால் தாய்ப்பாசம் என்பீர்கள்.

மெய்யப்பன் (காலை 10:05)
ஐயா, நீங்கள் பார்த்த இரண்டரை நிமிடம் போட்டியின் ஒரு பகுதிதான். நாங்கள் கலந்துகொண்ட ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோப் போட்டியில், ரோபோவை ஏன் இப்படி வடிவமைத்தோம், ஒரு சமூகச் சிக்கலுக்கு என்ன தீர்வு கண்டோம், குழுவாக எப்படி நடந்துகொண்டோம் என்று நடுவர்கள் தனி அறையில் கேள்வி கேட்டு மதிப்பிட்டார்கள். மேசை மீது ரிமோட் கிடையாது. நாங்கள் எழுதிய நிரலைக் கொண்டு ரோபோ தானாகவே ஓட வேண்டும்.

விடுமுறையில் நம் வீட்டு வளவில், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்தான் பயிற்சி செய்தோம். ரோபோ பின்தொடர வேண்டிய கறுப்புக் கோடு போட்டி விரிப்பில்தான் இருக்கும். முதல் நாள் அந்த விரிப்பு இல்லாமல் ஆத்தங்குடித் தரைக்கல் மீதே ஓட்டிப் பார்த்தபோது, கல்லில் இருந்த பூவேலையைக் கோடு என்று நினைத்துக்கொண்டு ரோபோ தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது; அப்பத்தா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. விரிப்பை விரித்த பிறகும் காலையில் சரியாக ஓடியது பிற்பகலில் கோட்டை விட்டு விலகியது. ஒரு வாரம் நிரலை மாற்றி மாற்றி எழுதினோம். கடைசியில் பார்த்தால், முற்றத்து வெயில் நகர நகர, தரையின் நிறத்தை அளக்கும் நிற உணரி (சென்சார்) காட்டிய எண்ணும் மாறிக்கொண்டிருந்தது. உணரியைத் தரைக்கு அருகே இறக்கி, சுற்றிலும் கறுப்பு லெகோ துண்டுகளை வைத்து மறைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கறுப்பையும் வெள்ளையையும் புதிதாக அளந்த பிறகு சரியானது.

திரும்பும் கோணத்திலும் இதே கதைதான். மோட்டாரை இத்தனை விநாடி சுழல விடு என்று எழுதியிருந்தோம். பேட்டரி நிறைந்திருந்தால் அதிகமாகத் திரும்பும், இறங்கினால் குறைவாகத் திரும்பும். விநாடிக் கணக்கைக் கைவிட்டு, ரோபோவின் உள்ளே திருப்பத்தை அளக்கும் ஜைரோ உணரி காட்டும் கோணத்தைப் பார்த்து நிறுத்தும்படி மாற்றினோம். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரத்தையும் பேட்டரி அளவையும் குறிப்பேட்டில் எழுதிவந்த எட்டாம் வகுப்புப் பையன். அதுவரை அவனை எழுத்து வேலைக்கு வந்தவன் என்றுதான் நினைத்திருந்தேன்.

தேவகோட்டைச் சித்தப்பா (காலை 10:22)
அந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஐயா பினாங்கில் நம்மவர்கள் கடை நடத்திய கிட்டங்கியில், எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகத்தான் சேர்ந்தார். முதலில் சில்லறை வேலை, பிறகு கணக்கு எழுதுவது, அதன் பிறகு மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், கடைசியில் கடையையே நடத்தும் மேலாள். கணக்கில் ஒரு காசு இடித்தாலும் இரவு எத்தனை மணியானாலும் பேரேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்த பிறகுதான் படுக்க வேண்டுமாம்.

கோவை அண்ணன் (காலை 10:40)
இங்கே மோட்டார் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானும் அதைத்தான் தேடுகிறேன், சித்தப்பா. நீ செய்த ஒன்று ஓடாமல் போனபோது என்ன செய்தாய் என்று கேட்டால், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் பலர் திகைத்து நிற்கிறார்கள். பாடப்புத்தகக் கணக்குக்குப் பின்பக்கத்தில் விடை இருக்கிறது. ரோபோவுக்கு அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் டெக் சாலஞ்ச் போட்டியில் இரண்டு அணிகள் சேர்ந்து வேறு இரண்டு அணிகளை எதிர்க்கும். தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டு மாறும். இப்போது எதிரில் நிற்பவன் அடுத்த ஆட்டத்தில் நம் கூட்டாளியாக வரலாம் என்பதால், அவன் ரோபோவில் ஒரு கம்பி அறுந்தால் நம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். பங்காளிச் சண்டைக்குப் பேர்போன நம் வீட்டுக்கு இது கொஞ்சம் புதிய பழக்கம்தான்.

சிவகாமி (காலை 11:02)
சித்தி, ஒரு எச்சரிக்கை. நானும் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இப்படி ஓர் அணியில் இருந்தேன். நிரலும் இயந்திரமும் பையன்கள் கையில் இருந்தன. பெண் பிள்ளைகளுக்குச் சுவரொட்டி வரைவதும் மேடையில் பேசுவதும் கொடுக்கப்பட்டன. தயக்கம் இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டேன் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளில் ஒரு திருகைக்கூட நான் முடுக்கவில்லை. வேறோர் அணியில் நிரல் முழுவதையும் பயிற்சியாளரே எழுதிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். கோப்பை வாங்கினார்கள், நடுவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. யார் நிரல் எழுதுகிறார்கள், வேலை சுழற்சி முறையில் மாறுமா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

உமையாள் (காலை 11:15)
இது எனக்குத் தோன்றவே இல்லை, சிவகாமி. திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது இதைத்தான் முதலில் கேட்பேன். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு இருப்பதால், இந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் பெயர் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

அலமேலு ஆச்சி (காலை 11:20)
அப்படியே செய். பேட்டரியைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ளச் சின்னவள் ஆசைப்பட்டால் தூரம் போக வேண்டியதில்லை; வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அங்கே பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது.

தேவகோட்டைச் சித்தப்பா (காலை 11:31)
முதல் மாதக் கட்டணம் என் கணக்கில் இருக்கட்டும், உமையாள். மெய்யப்பா, ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்தக் குறிப்பேட்டை எடுத்து வா. ரோபோவும் வரட்டும், தூணைச் சுற்றியதை நான் பார்க்கவில்லை.