‘இன்வெர்ஷன்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வ. எழுதியது:

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு,

சிறுவர் இதழ் ஒன்றுக்காக இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரின் மால்ட்டன் ஊரின் காற்று மாசு பற்றிய கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். டெர்வென்ட் ஆற்றங்கரைச் சந்தை ஊர். சுற்றிலும் வயல், பந்தயக் குதிரை லாயங்கள். இங்கே காற்று கெடுமா என்றுதான் நானும் நினைத்தேன். ஊர் நடுவே புட்சர் கார்னர் என்றொரு நாற்சந்தி. குறுகிய தெருக்களில் வண்டிகள் தேங்குவதால், வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற வாயுவுக்காக 2009இலேயே அந்தப் பகுதியைத் தனிக் கண்காணிப்பில் வைத்தார்கள். குளிர்காலத்தில் வீட்டு விறகுப் புகையும் சேர்கிறது. காற்று அசையாத, வானம் தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று. புகை ஏற முடியாமல் தெருவிலேயே கிடக்கும்.

இதைத்தான் ‘இன்வெர்ஷன்’ என்கிறார்கள். ‘வெப்பத் தலைகீழ் மாற்றம்’ என்று எழுதினேன். இதழாசிரியர், “வெப்பம் சிரசாசனம் செய்கிறதா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். உதவுங்கள். ‘வெட் வுட்’ என்பதற்கு ‘ஈர விறகு’ சரியா என்றும் சொல்லுங்கள்.

செ. எழுதியது:

கவிழ்வெப்பம். வினைத்தொகை, ஐந்தே எழுத்து போல வாயில் நிற்கும். வேறு சொல் தேட வேண்டியதில்லை.

ஒன்று சொல்ல விடுங்கள். மாசு என்றால் அழுக்கு மட்டுமல்ல, மேகம் என்ற பொருளும் உண்டு. பனி மூடும் மாதத்துக்கு ‘மாசி’ என்று பெயர் வந்தது இதனால்தான் என்பது என் நெடுநாள் கருத்து.

கு. எழுதியது:

ஐயா, மாசி என்ற பெயர் மகம் நட்சத்திரத்திலிருந்து வந்தது. அதை விடுங்கள்.

> கவிழ்வெப்பம். வினைத்தொகை, ஐந்தே எழுத்து

எண்ணிப் பார்த்தேன், ஏழு. அது கிடக்கட்டும், கவிழ்ந்தது வெப்பமே இல்லையே! மேலே போகப் போகக் குளிர வேண்டும் என்ற ஒழுங்குதான் மாறிப்போகிறது. கணக்கில் ‘நேர்மாறு’ பழகிய சொல். ஆகவே ‘வெப்ப நேர்மாறல்’. நான் இருப்பது லீட்ஸில். பனிக்காலக் காலையில் குன்றின் மேல் வெயில் அடிக்கும், கீழே பள்ளத்தில் ஊர் இருப்பதே தெரியாது. அதைப் பார்த்தால் கவிழ்ந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

ந. எழுதியது:

‘சந்தை ஊர்’ ஏனோ இடிக்கிறது. மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ‘அங்காடியூர்’ என்றால் என்ன? ‘பேட்டை’யும் உண்டு, ஆனால் அதன் வேர்…

(இதற்குப் பின் பேட்டைக்கு மட்டும் பதினோரு மடல்கள். யாரும் மால்ட்டன் பக்கம் திரும்பவில்லை.)

அ. எழுதியது:

ஆசிரியையாகச் சொல்கிறேன். ‘ஈர விறகு’ வேண்டாம், ‘பச்சை விறகு’ என்றால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். பச்சை விறகு புகையும் என்று நம் பாட்டிகளுக்குச் சட்டம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

குளிர்காலத்தோடு கட்டுரையை நிறுத்திவிடாதீர்கள். வசந்தத்தில் வயலுக்குச் சாணிக் கரைசலும் உரமும் போடும்போது அமோனியா கிளம்பும். அது வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து வரும் அமிலத்தோடு சேர்ந்து நுண்துகளாகும். கோடையில் ஓசோன். நகரத்தில் வண்டிப் புகையே ஓசோனைக் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் நாட்டுப்புறத்தில்தான் கூடுதலாக இருப்பதுண்டு. மூன்று காலம், மூன்று விதமான அழுக்கு. இதில் குளிர்காலத்துக்கு மட்டும் மூடி இருக்கிறது. ‘வெப்பமூடி’ என்று வைத்தால் என்ன?

செ. எழுதியது:

மூடி என்றால் சம்படம் நினைவுக்கு வருகிறது.

கு. எழுதியது:

பிள்ளைகளுக்கும் அதுதானே வேண்டும்? ஆனால் மூடி ஒரு பொருள், நேர்மாறல் ஒரு நிலை. இரண்டும் ஒன்றல்ல. ஆசிரியை அம்மாவுக்கு என் மறுப்பு அவ்வளவுதான்.

வ. எழுதியது:

வெள்ளி மாலை ஆகிவிட்டது. மூவர் நேர்மாறல், இருவர் மூடி, ஒருவர் கவிழ்வெப்பம், ஒருவர் இன்வெர்ஷனையே விடச் சொன்னார். தலைப்பில் ‘வெப்ப நேர்மாறல்’ போட்டு, உள்ளே “சூடான காற்று மூடிபோலக் கவிந்துவிடுகிறது” என்று எழுதி அனுப்பிவிட்டேன். சந்தை ஊர் சந்தை ஊராகவே போயிற்று, ந. மன்னிக்க வேண்டும்.

செ. எழுதியது:

> மூடிபோலக் கவிந்துவிடுகிறது

கவிதல், கவிழ்தல் இரண்டுக்கும் வேர் ஒன்றே. என் சொல்லைத்தான் போட்டிருக்கிறீர்கள். நன்றி.