அப்பத்தாவின் போனுக்குப் பூட்டு இல்லை

ஈரோட்டிலிருந்து ஓர் அப்பா:

எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொல்கிறேன். அப்புறம் நீங்களும் சொல்லுங்கள்.

பையன் ஏழாம் வகுப்பு. 2020-ல் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், பள்ளி திறந்த பிறகும் அவனிடமே தங்கிவிட்டது. போன வருடம் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பைப் போட்டேன். தினம் ஒரு மணி நேரம்தான், இரவு ஒன்பதுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும், எந்த ஆப் இறக்கினாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும். ஒன்பதரைக்கு வைஃபையையும் அணைத்துவிடுவேன். இரண்டு மாதம் ஒரு சண்டை கிடையாது. ஆபீசில் பெருமையடித்து, நாலு பேருக்கு நானே போட்டும் கொடுத்தேன். அந்த அமைதியிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ரீசார்ஜ் செய்ய அம்மாவின் போனை எடுத்தேன். தினசரி டேட்டா தீர்ந்துவிட்டது என்று வரிசையாகக் குறுஞ்செய்திகள், எல்லாம் இரவு பதினொன்றரை வாக்கில். அம்மா எட்டரைக்கே படுத்துவிடுவார். "என்னம்மா பாத்தீங்க?" என்றால், "முருகன் பாட்டு கேட்டேன் சாமி" என்கிறார். நடு ராத்திரியில் ஒன்றரை ஜிபி முருகன் பாட்டு! யூடியூப் ஹிஸ்டரியைத் திறந்தேன். முருகன் பாட்டு ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குக் கீழே எவ்வளவு தள்ளினாலும் யார் யாரோ ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிற வீடியோதான்.

இருவருக்கும் ஒப்பந்தமாம். விட்டுப்போன சீரியலை அவன் தேடி எடுத்துத் தருவான், அத்தைக்கு வீடியோ கால் போட்டுத் தருவான். பதிலுக்கு ராத்திரி அப்பத்தாவின் போன் அவன் தலையணைக்கடியில். திட்டப் போனால் அம்மா குறுக்கே வந்தார்: "பரீட்சைக்கு முந்தின நாள் நீ டிவி முன்னாடி கெடந்தத நான் யார்கிட்ட சொன்னேன்?" உண்மைதான். 1998 ஏப்ரலில் ஷார்ஜா மேட்ச் பார்த்துவிட்டு மறுநாள் முழுப் பரீட்சை எழுதியவன் நான். என்ன மதிப்பெண் என்று இங்கே சொல்வதாக இல்லை.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா:

அண்ணா, உங்கள் அம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி.

மகள் ஒன்பதாம் வகுப்பு. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான டீன் அக்கவுண்டை இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவிலும் கொண்டுவந்தது. முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது, பதினாறு வயது ஆகாதவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றெல்லாம் படித்து நிம்மதியாக இருந்தேன். இவள் பிறந்த வருடத்தை 2002 என்று கொடுத்திருக்கிறாள். அப்புறம் எந்தக் கட்டுப்பாடு?

காலேஜ் படிக்கிறேன் என்று ஒருவன், முதலில் இவள் போடும் கோலத்தைப் பாராட்டினான். பிறகு போட்டோ கேட்டான். இவள் அனுப்பியது பள்ளிச் சீருடையில் ஒரு சாதாரண படம்தான். அதை மாற்றி எல்லோருக்கும் அனுப்புவேன் என்று மிரட்ட ஆரம்பித்துவிட்டான். வயிற்று வலி என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. நானும் ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்து அழுதாள். "மொதல்லயே ஏம்ட்டி சொல்லல?" என்றேன். "போனப் பிடுங்கிருவியன்னுதான்" என்றாள். மதிப்பெண் குறைந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன், பால் பொங்கி வழிந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகுதான் அவனை பிளாக் செய்தோம். அந்த வரிசை முக்கியம். மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் புகார் கொடுத்தோம். குழந்தைகள் உதவி எண் 1098-லும் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். போன் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. பிறந்த வருடத்தை மட்டும் உண்மையானதாக மாற்ற வைத்தேன்.

சென்னையிலிருந்து, நெட்வொர்க் வேலையில் இருப்பவர்:

சார், ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவையை, 1.1.1.3 என்று மாற்றிவிடுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனம் இலவசமாகத் தருவது, ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆனால் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அதுவும் போச்சு, உங்கள் அப்பத்தா கேஸுக்கு உதவாது.

நான் தொழில் திமிரில் மகளின் கணினிக்கு நேரக் கட்டுப்பாடு போட்டேன். அவள் கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளப் பார்த்திருக்கிறாள். அவசரத்தில் மணிக்குப் பதிலாக வருடத்தைத் தள்ளிவிட்டாள். கடிகாரம் தவறு என்று ஒரு தளமும் திறக்கவில்லை. "அப்பா, நெட் வேலை செய்யல" என்று அவளே கூப்பிட்டு மாட்டிக்கொண்டாள்.

மறுபடியும் ஈரோடு:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து பிடுங்கிவிடுவேன் என்று சொல்வதை விட்டுவிட்டேன். அப்படியும் இரண்டு தடவை வாய்வரை வந்துவிட்டது.

அம்மாவின் போனைப் பூட்டவும் முடியாது, பாஸ்வேர்டு அவருக்கு நினைவிருக்காது. அதனால் புது ஏற்பாடு: அப்பத்தா போனில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கூடத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டரை வரைக்கும். படுக்கும்போது போன் என் அலமாரிக்கு வந்துவிட வேண்டும்.

நேற்று தோசை வைக்கும்போது அம்மா அவனிடம் கேட்கிறார்: "ஏஞ்சாமி, அந்த நீலச் சட்டைக்காரன் செவுத்துக்குப் பின்னாடியே நிக்கறான், இவன் அவனப் பாக்கவே மாட்டேங்கறானே?"