ஹீத்ரோ முதல் லேக் டிஸ்ட்ரிக்ட் வரை 8 நாள் கார் பயணம்: என்ன வண்டி, எந்தச் சாலை?

தென்றல்84:
செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் இங்கிலாந்து போகிறோம். ஹீத்ரோவில் வாடகைக் கார் எடுத்து காட்ஸ்வோல்ட்ஸ், பீக் டிஸ்ட்ரிக்ட், லேக் டிஸ்ட்ரிக்ட் பார்த்துவிட்டு மான்செஸ்டர் விமான நிலையத்தில் வண்டியை விடுவதாகத் திட்டம். நடுவில் பாத், யார்க் இரண்டையும் சேர்க்கலாமா? இருவருமே ஓட்டுவோம், தமிழ்நாட்டு லைசென்ஸ். கிராமத்துச் சாலைகள் ரொம்பக் குறுகல் என்கிறார்கள். எஸ்யூவி எடுத்தால் நல்லதா? லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள ஹார்ட்நாட் கணவாய் வழியாகப் போக ஆசை.

ஏ429:
யார்க்கை விட்டுவிடுங்கள். பாத் கட்டாயம் வேண்டுமென்றால் காட்ஸ்வோல்ட்ஸில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தால் பாதிப் பயணம் மோட்டார்வேயிலேயே போய்விடும். ஹீத்ரோவிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸின் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் சுமார் 75 மைல். அங்கிருந்து பீக் டிஸ்ட்ரிக்டின் பேக்வெல், பேக்வெல்லிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்டின் விண்டர்மியர், இரண்டுமே 100 மைலுக்குக் கொஞ்சம் மேல். எண்ணைப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். ஆனால் மேப் காட்டும் நேரத்தை மோட்டார்வேக்கு மட்டும் நம்புங்கள். கிராமச் சாலைக்கு மணிக்கு 25 மைல் என்று போட்டுக் கணக்கிடுங்கள்.

எஸ்யூவி வேண்டாம். போலோ, கோர்சா, யாரிஸ் அளவு போதும். அங்கேயும் ஸ்டீயரிங் வலப்பக்கம், கியர் இடது கையில். மேனுவல் பழகியவர்கள் மேனுவலே எடுத்தால் வாடகை குறையும். இந்திய லைசென்ஸை வைத்துச் சுற்றுலா வந்தவர் 12 மாதம் வரை ஓட்டலாம். ஐடிபி (சர்வதேச ஓட்டுநர் அனுமதி) சில வாடகை நிறுவனங்கள் கேட்கும், ஆர்டிஓவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் பிடிக்க முதல் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு பெரும்பாலும் கேட்பார்கள். உங்கள் மனைவியின் பெயரையும் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். ஏற்றாமல் அவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது.

வேலியோரம்:
வண்டியைவிட முக்கியம் ஒற்றைத் தடச் சாலையில் நடந்துகொள்ளும் விதம். இருபுறமும் ஆளுயர வேலிச்செடி, ஒரு கார் மட்டும் போகும் அகலம், ஆங்காங்கே ஒதுங்க ஒரு வளைவு. அந்த ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் போகாதீர்கள். அதற்கு நேர் எதிரே உங்கள் தடத்திலேயே நின்றால் எதிர்வண்டி அதில் ஒதுங்கிக் கடந்துவிடும். புதியவர்கள் சொதப்புவது இங்கேதான். ஏற்றத்தில் வருபவருக்கு வழிவிட வேண்டும். கடந்து போகும்போது கையைத் தூக்கிக் காட்டுவது அங்கே எழுதப்படாத சட்டம். ஒதுங்குமிடத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், டிராக்டர்காரர் சும்மா விடமாட்டார்.

வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை தேசிய வேக வரம்பு. நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் அது மணிக்கு 60 மைல். அதே பலகை சந்து மாதிரியான சாலையிலும் நிற்கும். 60-ல் போகச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்னால் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் அங்கே சரி.

இன்னொன்று டயர். எதிர்வண்டியைக் கண்டு இடப்பக்கம் ஒடுங்கும்போது புல்லுக்குள் மறைந்த கல்லோ குழியோ டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். வாடகைக் காரின் அடிப்படை இன்சூரன்ஸில் டயர், கண்ணாடி, அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியும் இருக்காது, பசையும் காற்றடிக்கும் கருவியும்தான். அந்தப் பசை ஆணி ஓட்டையை அடைக்கும், கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. ஆகவே ஒதுங்கும்போது நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள், இடக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்துப் பின்சக்கரத்தைப் பாருங்கள்.

மலைச்சாலை:
ஹார்ட்நாட் பற்றி. அதன் செங்குத்தான இடங்களில் சரிவு 33 விழுக்காடு, அதாவது மூன்றடிக்கு ஓரடி ஏற்றம். அதோடு கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி வந்தால் அந்தச் சரிவில் பின்னால் எடுக்க வேண்டும். மழையில் முன்சக்கரம் வழுக்கும். வாடகைக் காரில், முதல் பயணத்தில், நான் பரிந்துரைக்க மாட்டேன். கணவாய் வேண்டுமென்றால் ஏ592-இல் கிர்க்ஸ்டோன்: இரண்டு தடம், காட்சியும் குறைவில்லை. ஆனால் ஆம்பிள்சைடிலிருந்து ஏறும் குறுக்குவழியைப் பிடிக்காதீர்கள், அது செங்குத்து. ட்ரவுட்பெக் பக்கமாக வாருங்கள்.

பீக் டிஸ்ட்ரிக்டில் காசில்டன் அருகே வின்னட்ஸ் கணவாய் போதுமான சவால், சுமார் 20 விழுக்காடு. அங்கே நெரிசலுக்கும் காரணம் உண்டு: மாம் டோர் மலையின் நிலச்சரிவால் ஏ625 சாலையை 1979-ல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள், கார்களெல்லாம் வின்னட்ஸ் வழியே ஏறுகின்றன.

தென்றல்84:
நன்றி. ஹார்ட்நாட்டை விட்டுவிடுகிறோம். மனைவிக்கு ஆட்டோமேட்டிக்தான் பழக்கம். இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? பார்க்கிங், பெட்ரோல் பற்றியும் சொல்லுங்கள்.

மலைச்சாலை:
டி-யில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால்தான் சூடாகும். எல் (L), எம் (M) அல்லது பி (B, பார்க்கிங்கின் P அல்ல), எந்த எழுத்து இருக்கிறதோ அதற்கு இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றுங்கள்; எம் என்றால் கியரையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்துங்கள். கருகல் வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஏ429:
பெட்ரோல் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். பம்பிலேயே கார்டு செருகினால் ஒரு பெரிய தொகையைப் பிடித்துவைக்கும், இந்தியக் கார்டில் அது விடுபட நாளாகலாம். உள்ளே கவுன்டரில் பணம் கட்டுவது நல்லது.

பார்க்கிங் பெரும்பாலும் ரிங்கோ, பேபைஃபோன் போன்ற செயலிகளில். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, ஒன்று, இரண்டு பவுண்டு நாணயங்கள் கையில் இருக்கட்டும். மேப்பையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். காட்ஸ்வோல்ட்ஸின் பிபரி கிராமத்தில் இடம் மிகக் குறைவு. காலை 9-க்குள் போய்விட்டு, கூட்டம் நிரம்பும் முன் கிளம்புங்கள். பப்பில் மதியச் சாப்பாடு பல ஊர்களில் 2, 2.30 மணிக்கு முடிந்துவிடும், சைவம் தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லேக்ஸில் ஒரு நாள் காரைத் தங்குமிடத்திலேயே விட்டு, விண்டர்மியரிலிருந்து கெஸ்விக் வரை 555 பேருந்தில் போய் வாருங்கள். அது போகும் ஏ591 சாலையை இருவருமே வேடிக்கை பார்க்கலாம், ஓட்டுபவருக்கு ஏரி தெரிவதே இல்லை. கார் ஒப்படைக்கும் நாளில் டேங்கை நிரப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நான்கு டயரின் பக்கச்சுவரையும் தேதி தெரியப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.