பெட்ரோல்ல இருந்து டீசல் செடானுக்கு மாறப் போறேன், 520டியா இ220டியா? 4000 ஆர்பிஎம்க்கு மேல ஏன் ஒண்ணுமே இல்ல?

நெடுவழி எழுதியது:

வணக்கம் மக்களே. இவ்ளோ நாளா டர்போ இல்லாத 2.0 லிட்டர் பெட்ரோல் செடான்தான் ஓட்டிட்டு இருக்கேன். இப்ப செகண்ட் ஹேண்ட்ல ஒரு டீசல் எக்சிகியூட்டிவ் செடான் எடுக்கலாம்னு இருக்கேன், கழிச்சுக் கழிச்சு கடைசில ரெண்டு நிக்குது, ஜி30 தலைமுறை பிஎம்டபிள்யூ 520டி, டபிள்யூ213 தலைமுறை மெர்சிடிஸ் இ220டி. ரெண்டையும் ஓட்டிப் பாத்தாச்சு, ரெண்டுலயும் ஒரே குழப்பம்தான். காலை லேசா வச்சாலே வண்டி அப்படியே தூக்கிட்டுப் போகுது, முதுகு சீட்டோட ஒட்டுது, ஆனா முழுசா மிதிச்சு 4000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து) தாண்டினா சத்தம் மட்டும்தான் ஏறுது, வேகம் ஏறல. என் பெட்ரோல் 6000 வரைக்கும் இழுத்துட்டே போகும். பேப்பர்ல 190 குதிரைன்னு போட்டிருக்கு, அது எங்க போச்சு? நான் ஓட்டின வண்டில கோளாறா, இல்ல டீசல்னாலே இப்படித்தானா? ரீமேப், அதாவது இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தி எழுதினா சரியாகுமா?

என் ஓட்டம் பெரும்பாலும் ஹைவே, நடுவுல கொஞ்சம் சிட்டி. அதிர்வு சத்தம் விஷயத்துல எது தேவலாம்னும் சொல்லுங்க.

கிராங்க்‌ஷாஃப்ட் எழுதியது:

கோளாறு எதுவும் இல்ல ப்ரோ, அந்த இன்ஜினை அப்படித்தான் செஞ்சிருக்காங்க. 520டில இருக்கிற பி47 இன்ஜினுக்கு 400 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது சுழற்றுற விசை, அது 1750ல இருந்து 2500 வரைக்கும். 190 குதிரை வர்றது 4000ல. இதை வச்சு சின்ன கணக்கு போடுங்க. 2000 ஆர்பிஎம்ல 400 என்எம்னா அந்த நிமிஷம் உங்க கைல இருக்கிறது கிட்டத்தட்ட 114 குதிரை. உங்க பழைய பெட்ரோல் அதே 2000ல 180 என்எம் குடுத்தா 51 குதிரைதான். அதாவது தினசரி ஓட்டத்துல ஆர்பிஎம் முள்ளு எங்க இருக்குமோ அந்த இடத்துல டீசல்ல ரெண்டு மடங்குக்கு மேல சக்தி இருக்கு, அதான் காலை வச்ச உடனே தூக்குது. 4000ல அந்த டார்க் 334 என்எம் ஆயிடுது, அதுக்கு மேல வேகமா சரியும். 190 எங்கயும் போகல, 4000ல வந்துட்டு அங்கயே முடிஞ்சிடுது.

ஏன் சரியுதுன்னா, பெட்ரோல்ல காத்தும் எரிபொருளும் முன்னாடியே கலந்து ரெடியா இருக்கும், ஸ்பார்க் விழுந்தா நெருப்பு சட்டுனு பரவிடும். டீசல்ல அப்படி இல்ல, பிஸ்டன் மேல வரும்போதுதான் டீசலைப் பீச்சுறாங்க, அது ஆவியாகி, சுத்தி இருக்கிற காத்தைத் தேடிக் கலந்து, அப்புறம்தான் எரியணும். 4500 ஆர்பிஎம்ல கிராங்க் 30 டிகிரி சுத்த ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலதான் ஆகுது. அந்த நேரத்துக்குள்ள மொத்தமும் சுத்தமா எரியாது, லேட்டா எரியுறது பிஸ்டனைத் தள்ள உதவாம எக்ஸாஸ்ட் சூடாவும் கரியாவும் போயிடும். 2000 பார் அழுத்தத்துல இஞ்செக்ட் பண்றதெல்லாம் எரிபொருளை நல்லா பொடிப்பொடியா உடைச்சு இந்தக் கலக்கும் நேரத்தைக் குறைக்கத்தான்.

அதனால ஆர்பிஎம் முள்ளைப் பாத்து ஓட்டுற பழக்கத்தை விட்டுடுங்க. ஹைவேல 100ல போறப்போ எட்டாவது கியர்ல முள்ளு 1500 பக்கத்துலதான் நிக்கும். ஓவர்டேக் பண்ண பெடலை தரையோட மிதிக்காதீங்க, மிதிச்சா கியர்பாக்ஸ் மூணு நாலு கியர் கீழ இறங்கி இன்ஜினைக் கொண்டுபோய் 3500ல நிறுத்தும், அங்க டார்க் குறையத் தொடங்கியிருக்கும். பாதி மிதிங்க, ஒண்ணு ரெண்டு கியர் இறங்கி 2200 பக்கம் உக்காந்து இழுக்கும் பாருங்க, அதுதான் இந்த வண்டியோட நிஜ சுகம். எட்டு கியர் வச்சதே இன்ஜின் எப்பவும் அந்தக் குறுகலான நல்ல இடத்துல இருக்கணும்னுதான். பழைய நாலு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோட இதே இன்ஜினைப் போட்டா பாதி நேரம் டார்க் இல்லாத இடத்துலதான் சுத்திட்டு இருக்கும்.

இன்லைன்ஆறு எழுதியது:

மேல சொன்னது எல்லாம் கரெக்ட், ஆனா கேள்வியோட ரெண்டாவது பாதி அதிர்வு சத்தம், அதுக்கு யாரும் பதில் சொல்லல. எக்சிகியூட்டிவ் செடான்னா எனக்கு அதுதான் முதல் விஷயம், அந்தக் கணக்குல லிஸ்ட்ல ஆறு சிலிண்டர் இல்லாதது எனக்கு வருத்தமாவே இருக்கு.

நாலு சிலிண்டர்ல ரெண்டு பிஸ்டன் மேல போறப்ப ரெண்டு கீழ வரும், பாத்தா பேலன்ஸ் ஆன மாதிரி தெரியும். ஆனா கனெக்டிங் ராட் சாய்ஞ்சு நிக்கிறதால பிஸ்டன் மேல் பாதில வேகமாவும் கீழ் பாதில மெதுவாவும் போகும், அதனால ரெண்டு பக்க விசையும் முழுசா கழியாது, மிச்சம் இருக்கிறது கிராங்க் வேகத்துக்கு ரெண்டு மடங்கு வேகத்துல இன்ஜினை மேலும் கீழும் ஆட்டும். அதை அடக்கத்தான் ரெண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டை எதிரெதிரா ரெட்டை வேகத்துல சுத்த விடுறாங்க. நேர்வரிசை ஆறுல இந்த விசை எல்லாம் தானாவே கழிஞ்சிடும், ஷாஃப்ட்டே வேண்டாம்.

இன்னொண்ணு, பேலன்ஸ் ஷாஃப்ட் வச்சாலும் எரியுற அடி இருக்கே, அது போகாது. நாலு சிலிண்டர் 1200 ஆர்பிஎம்ல நொடிக்கு 40 அடி, ஆறு சிலிண்டர்னா 60. அந்த 40 அடிதான் கேபின்ல ஒரு ம்ம்ம்ம்னு காதை அழுத்துற மாதிரி வரும், டீசல்ல ஒவ்வொரு அடியும் பலமா வேற இருக்கும். இதை சமாளிக்கத்தான் டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) பக்கத்துல ஊஞ்சலாடுற எடை மாதிரி ஒரு பெண்டுலம் டேம்பர் வைக்கிறாங்க. பிஎம்டபிள்யூ இந்த டெக்னிக்கை 2009லயே 320டி எஃபிஷியண்ட் டைனமிக்ஸ்ல போட்டாச்சு, ஏன்னா மைலேஜுக்காக கம்மி ஆர்பிஎம்ல ஓட்டணும், கம்மி ஆர்பிஎம்ல ஓட்டினா அதிர்வு வரும். மைலேஜ் டெக்னாலஜி பாதி இன்ஜினுக்கு வெளியதான் இருக்குன்னு எனக்கு இதைப் பாத்து தோணும்.

பிஎம்டபிள்யூ 1983ல 524டிடி வந்தப்பவே நேர்வரிசை ஆறு டீசல்தான் போட்டாங்க, 2.4 லிட்டர் டர்போ, 115 குதிரை. 1998ல இ39 தலைமுறை 530டி காமன் ரெயிலோட (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போற முறை) 184 குதிரை. ஜி30 530டில அது 265 குதிரை, 620 என்எம். நீங்க கேட்ட "4000க்கு மேல ஒண்ணுமே இல்ல" பிரச்சனை அதுலயும் இருக்கு, ஆனா உங்களுக்கு அங்க போக வேண்டிய தேவையே வராது. கொஞ்சம் பழைய வருஷ வண்டியா இருந்தாலும் பரவால்லன்னா 530டி ஒண்ணை ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

டீசல்கரி எழுதியது:

530டி நல்ல வண்டிதான், மறுக்கல, ஆனா அவர் கேட்டது ரெண்டு நாலு சிலிண்டர் வண்டில எதுன்னு, அதுக்கு வருவோம். நான் இந்த மாதிரி இன்ஜினைப் பிரிச்சு சேக்கிற ஆளு, என் ஓட்டு இ220டிக்கு.

2016ல வந்த அந்த ஓஎம்654 இன்ஜினை முந்தின ஓஎம்651ஓட பக்கத்துல வச்சுப் பாத்தா மொத்தமா வேற சிந்தனை. 2143 சிசி 1950 ஆச்சு, எடை 202.8 கிலோல இருந்து 168.4 கிலோவுக்கு வந்துச்சு, பவர் 194 குதிரை, 400 என்எம் 1600ல இருந்தே வரும். பிளாக் அலுமினியம், ஆனா பிஸ்டன் ஸ்டீல். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். எல்லாரும் எடை குறைக்க அலுமினிய பிஸ்டன் போடுற இடத்துல ஏன் ஸ்டீல்னா, ஸ்டீல் சூட்டுல கம்மியா விரியும், சுத்தி இருக்கிற அலுமினிய பிளாக் அதிகமா விரியும், அப்ப இன்ஜின் சூடாக சூடாக பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி கொஞ்சம் கூடும், உரசல் குறையும். ஸ்டீல் பலமானதால பிஸ்டனை உயரம் கம்மியாவும் செய்யலாம். சிலிண்டர் சுவர்ல லைனருக்குப் பதிலா இரும்பு கார்பன் கலவையை உருக்கித் தெளிச்ச மெல்லிசான பூச்சு. புகை சுத்தம் பண்ற மொத்த செட்டையும் இன்ஜின் மேலயே ஒட்டி வச்சிருக்காங்க, அதனால சீக்கிரம் சூடாகி வேலையை ஆரம்பிக்கும், கொஞ்சம் சிட்டி ஓட்டம் இருக்கிற உங்களுக்கு இது நேரடியாவே உதவும்.

சத்தம்னு பாத்தா, ஹைவே ஸ்பீடுல ரெண்டும் அமைதிதான், ஆனா குளிர்ந்த இன்ஜினோட ஐடில்ல நிக்கும்போது இ220டி மென்மையா இருக்கும்ங்கறது என் அனுபவம். வளைவுல முன்பக்கம் எப்படித் திரும்புதுங்கறதுதான் உங்களுக்கு முக்கியம்னா 520டி எடுங்க, அந்த சேசிஸ் டிரைவரோட இன்னும் நெருக்கமா பேசும், அதுல விவாதமே இல்ல.

சிட்டி ஓட்டத்தைப் பத்தி ஒண்ணு, இது ரெண்டு வண்டிக்கும் பொது. எக்ஸாஸ்ட்ல இருக்கிற டிபிஎஃப் ஃபில்ட்டர் கரியைச் சேத்து வச்சுட்டு அப்பப்ப 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிக்கும். அந்த சூட்டுக்காக எக்ஸ்ட்ரா டீசலை லேட்டா இஞ்செக்ட் பண்ணும், கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல போய்ச் சேரும். அந்த எரிப்பு ஓடிட்டு இருக்கும்போது நீங்க வண்டியை அணைச்சீங்கன்னா அடுத்த தடவை மறுபடி முதல்ல இருந்து, மறுபடி டீசல் ஆயில்ல. இப்படியே போனா ஆயில் லெவல் ஏறும், ஆயில் தண்ணியாகும், பேரிங்குக்கும் டர்போவுக்கும் அதுதான் எமன். நின்ன அப்புறமும் ஃபேன் ஓடிட்டே இருக்கு, ஐடில் கொஞ்சம் ஏறியிருக்கு, ஸ்டார்ட் ஸ்டாப் வேலை செய்யலன்னா எரிப்பு நடக்குதுன்னு அர்த்தம், முடிஞ்சா இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி முடிய விடுங்க. ஆயில் மாத்துறதை கம்ப்யூட்டர் சொல்ற கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க, அதுவும் சாம்பல் கம்மியான, மேனுவல்ல போட்டிருக்கிற ஸ்பெக் ஆயில் மட்டும். கரியை எரிச்சுடலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது, அது ஃபில்ட்டர்லயே தங்கிடும்.

நெடுவழி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பாக்கல. பாதி மிதிச்சு ஓட்டச் சொன்னதை இன்னிக்கு 520டில திரும்பப் போய் ட்ரை பண்ணேன், நிஜமாவே வேற வண்டி மாதிரி இருந்துச்சு, முள்ளு 2500 தாண்டவே இல்ல, ஆனா முன்னாடி போன வண்டியை ஈசியா தாண்டிட்டேன். 530டி என் பட்ஜெட்டுக்குள்ள வராது அண்ணா, மனசு இருக்கு. ரீமேப் பத்தி மட்டும் யாரும் சொல்லல. அப்புறம் ரெண்டுலயும் எடுக்கிறதுக்கு முன்னாடி எதைப் பாக்கணும்?

கிராங்க்‌ஷாஃப்ட் எழுதியது:

ரீமேப்ல நீங்க நினைக்கிறது கிடைக்காது. அது பெரும்பாலும் நடுவுல இருக்கிற டார்க்கைத்தான் கூட்டும், அது ஏற்கனவே உங்களுக்குப் போதுமான அளவு இருக்கு. எரிய நேரம் பத்தலங்கற விஷயத்தை சாஃப்ட்வேரால மாத்த முடியாது, மேல அதிகமா டீசல் ஊத்தினா கரியும் எக்ஸாஸ்ட் சூடும்தான் கூடும், டிபிஎஃப் சீக்கிரம் நிறையும், கியர்பாக்ஸுக்கும் சுமை. நான் பண்ண மாட்டேன்.

டீசல்கரி எழுதியது:

ரீமேப் வேண்டாம், நானும் அதேதான். பாக்க வேண்டியது: வண்டியை முதல் நாள் ராத்திரியே நிறுத்தி வச்சு காலைல பானட் சில்லுனு இருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணணும்னு கேளுங்க, விக்கிறவர் முன்கூட்டியே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னுட்டு கிளம்பிடுங்க. ரெண்டு இன்ஜின்லயும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா இருக்கு. ஸ்டார்ட் ஆன முதல் சில நொடில ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு) பக்கம் இருந்து சரசரன்னு உலோக சத்தம் வந்தா அந்த வண்டி வேண்டாம், அங்க கை வைக்கிறது பெரிய வேலை. டிப்ஸ்டிக் இல்லாத வண்டின்னா ஸ்கிரீன்ல ஆயில் லெவல் எடுத்துப் பாருங்க, மேக்ஸ் கோட்டுக்கு மேல இருந்தா டீசல் கலந்திருக்கலாம். ஸ்கேனர் போட்டா டிபிஎஃப்ல சாம்பல் அளவும், கடைசியா எப்ப எரிப்பு முழுசா முடிஞ்சதுன்னும் தெரிஞ்சுடும். 520டின்னா 2018ல பல டீசல் மாடலுக்கு வந்த ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குள்ள திரும்ப விடுற எக்ஸாஸ்ட் வாயுவைக் குளிர்விக்கிற பாகம்) ரீகால் இந்த வண்டிக்கும் இருக்கா, இருந்தா முடிச்சாச்சான்னு சேசிஸ் நம்பரை வச்சு டீலர்கிட்ட கேட்டுடுங்க, கூலர்ல கூலண்ட் கசிஞ்சு தீப்பிடிக்கிற அபாயத்துக்காக விட்ட ரீகால் அது. ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற திரவம்) டேங்க் பக்கம் வெள்ளையா உப்பு பூத்திருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க. டெஸ்ட் டிரைவ்ல 1200, 1300 ஆர்பிஎம்ல பெரிய கியர்லயே மெல்ல ஏத்துங்க, அங்க உதறல் வந்தா டார்க் கன்வர்ட்டரோ இன்ஜினைத் தாங்குற மவுண்ட்டோ தேய்ஞ்சிருக்கும், 4000ல எவ்ளோ ஓட்டினாலும் அது காட்டாது.