ஐந்து தோழிகள், ஐந்து நாள், பாங்காக்: வேன் எடுப்பதா, ரயிலையும் படகையும் நம்புவதா?

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்த தோழிகள் ஐந்து பேர், வரும் ஜனவரியில் ஐந்து நாள் பாங்காக் சென்றுவர முடிவுசெய்து, சென்னையிலிருந்து சுவர்ணபூமி விமான நிலையத்துக்குச் சீட்டும் எடுத்துவிட்டோம். எல்லோருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. வீட்டார் துணையில்லாமல் நாங்கள் மட்டுமே செல்லும் முதல் வெளிநாட்டுப் பயணம் இது.

ஒருத்திக்கு மூட்டுவலி, சமதளத்தில் நன்றாக நடப்பாள், படி ஏறுவதுதான் சிரமம். ஒருத்தி முட்டைகூடத் தொடாத சைவம். இன்னொருத்தி தமிழாசிரியை, கோயில், பழைய சிற்பம் என்றால் நாள் முழுவதும் நின்று பார்ப்பாள். நான்காமவளுக்குச் சந்தையும் துணிக்கடையும் போதும். எனக்குத் தனியாக ஆசை எதுவும் இல்லை; இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைத்தால் அதுவே நிறைவு.

ஐந்து நாளும் ஓட்டுநருடன் வேன் அமர்த்திக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று என் கணவர் சொல்கிறார். பயண முகவர் ஒருவர் நான்கு நாளில் பதினான்கு இடங்கள் என்று ஒரு நிரலும் அனுப்பியிருக்கிறார். அதைப் படித்தபோது, வேனில் ஏறுவதும் இறங்குவதுமாகவே நாள் போய்விடும் என்று தோன்றியது. எங்கே தங்கலாம், வேன் தேவையா, எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று சென்றுவந்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

சீலோம்வாசி:

அம்மா, வணக்கம். பாங்காக்கில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேன் வேண்டாம். மாலை ஐந்து மணிக்குச் சுக்கும்விட் சாலையில் வேனுக்குள் அடைபட்டவர்கள், தலைக்குமேல் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1999இல் தொடங்கிய வான்ரயிலும், 2004இல் தொடங்கிய மெட்ரோவும், சாவ் பிரயா ஆற்றுப் படகுகளும் நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு அருகிலேயே கொண்டுபோய் விடும். ரயில்கள் ஏறக்குறைய நள்ளிரவு வரை ஓடும். பெண்கள் தனியாகப் பயணம் செய்வது அங்கே அன்றாடக் காட்சி.

தங்குவதற்கு வான்ரயிலின் சுரசக் நிலையத்துக்கும் சபான் தக்சின் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் பாருங்கள். சபான் தக்சின் நிலையத்தின் அடியிலேயே சாத்தோன் படகுத்துறை இருக்கிறது. சீலோம் சாலையில் உள்ள மகா மாரியம்மன் கோயிலும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. இன்று வணங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். ஆரஞ்சு நிறச் சாமந்தி மாலையும் தேங்காயுமாக அவர்கள் அம்மன் முன்னால் நிற்பதை உங்கள் ஆசிரியைத் தோழி அவசியம் பார்க்க வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை.

விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்து புறப்படும் ரயில் அரை மணி நேரத்துக்குள் பயா தாய் சேரும். கட்டணம் 45 பாட் (தாய்லாந்து நாணயம்). அங்கே வான்ரயிலுக்கு மாறி, சியாம் நிலையத்தில் சீலோம் தடத்துக்கு மாறினால் சுரசக். பெட்டிகள் அதிகம் என்றாலோ, விமானம் நள்ளிரவுக்குமேல் இறங்கினாலோ இரண்டு டாக்சிகளாகப் பிரிந்து செல்லுங்கள். மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையக் கட்டணமாக 50 பாட்டும், நெடுஞ்சாலைச் சுங்கமும் தனியாகக் கொடுக்க வேண்டும். மீட்டர் போட மறுப்பவரோடு வாதாடாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.

வான்ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் தனித்தனிச் சீட்டு என்பது புதியவர்களைக் குழப்பும். மெட்ரோவில் வங்கி அட்டையை வாயிலில் தொட்டாலே கதவு திறக்கும். ஆனால் நம் ஊர் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அடைத்தே இருக்கும் என்பதால், புறப்படும் முன் வங்கிச் செயலியில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பாங்காக்கின் பேரரண்மனைக்கு ஒரு காலை நேரத்தை முழுமையாக ஒதுக்குங்கள். 1782இல் கட்டத் தொடங்கிய அந்த வளாகம் காலை 8.30க்குத் திறக்கும், மாலை 3.30க்குச் சீட்டு நின்றுவிடும். வெளிநாட்டவருக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவையும் சுடிதாரும் இதற்குப் பொருத்தமானவை. மரகதப் புத்தர் சந்நிதியைச் சுற்றியுள்ள மண்டபச் சுவரில் 178 ஓவியங்களாக ராமகியென், அதாவது அவர்களுடைய இராமாயணம் வரையப்பட்டிருக்கிறது. இராவணன் அங்கே தோசகன். தசகண்டன் என்பதன் திரிபு. அனுமன் பிரம்மச்சாரி அல்லன். கடலில் பாலம் கட்டும்போது இராவணன் மகளான மீன்கன்னியைக் காதலித்து மணக்கிறான். கம்பனைப் பாடம் சொல்லும் ஒருவர் அந்தச் சுவரை விட்டு எளிதில் நகரமாட்டார். மற்ற நால்வரும் அவரை அங்கே விட்டுவிட்டு, இன்ன மணிக்கு இன்ன வாயில் என்று பேசிக்கொண்டு பிரிந்துபோவது எல்லோருக்கும் நல்லது.

அரண்மனை வாயிலருகே நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மலிவாக வேறு கோயில்களைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று பணிவாகச் சொல்லக்கூடும். நம்பாதீர்கள். அவர் ஏற்றிவிடும் டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) கடைசியில் ஒரு கல் நகைக்கடையில்தான் போய் நிற்கும். என் சொந்தச் சித்தப்பாவையே இப்படி அழைத்துப்போய், இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, நீலக்கல் என்று எதையோ தலையில் கட்டி அனுப்பினார்கள். வாயில் திறந்திருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

படகைப் பற்றி, மூட்டுவலி உள்ள தோழிக்காக ஒரு செய்தி. ஆரஞ்சுக் கொடிப் படகு துறையில் சில நொடிகளே நிற்கும். பின்புறம் நிற்பவர் ஊதும் விசிலை வைத்தே ஓட்டுபவர் படகை அணைப்பார். கயிற்றைச் சுற்றிய மறுகணமே ஆட்கள் தாவி ஏறுவார்கள். மிதக்கும் மேடையும் படகும் ஒரே சீராக ஆடுவதில்லை. ஆகவே வரிசையில் முன்னால் நின்று, படகு மேடையோடு ஒட்டும் நேரத்தில் கம்பியைப் பிடித்துக் கால் வைக்கச் சொல்லுங்கள். அது முடியாது என்றால் மெட்ரோவில் சனம் சாய் நிலையத்தில் இறங்கலாம்; வாட் போ கோயில் அங்கிருந்து சில நிமிட நடை. சேன் சேப் கால்வாய்ப் படகு மட்டும் அவருக்கு வேண்டாம். படகின் விளிம்பில் ஏறி உள்ளே குதிக்க வேண்டியிருக்கும்.

வாட் போவில் 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சாய்ந்திருக்கிறார். அவருடைய பாதங்களில் முத்துச்சிப்பியால் இழைத்த 108 மங்கலச் சின்னங்களைக் குனிந்து பாருங்கள். முதுகுப்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சில்லறைக் காசுகளைக் கிண்ணம் நிறைய வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். மண்டபம் முழுவதும் விடாமல் கேட்கும் அந்தக் கிணுகிணுப்பு, நான் ஊர் திரும்பிய பிறகும் நெடுநாள் காதில் இருந்தது. ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள வாட் அருண் கோயிலை ஏறாமலே பார்க்கலாம்; படிகள் மிகச் செங்குத்தானவை.

மிதக்கும் சந்தை, புலிக்கூடம் போன்ற தொலைவிடங்களை முகவரின் நிரலிலிருந்து தயங்காமல் அடித்துவிடுங்கள்.

கோவைக்குயில்:

அக்கா, நான்கு தோழிகளோடு சென்றுவந்த சைவக்காரி நான். உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் தலையசைப்பார்கள். இறைச்சித் துண்டு இருக்காது, ஆனால் மீன் சாறும் சிப்பிச் சாறும் இருக்கும். பப்பாளிக் காய் சாலட்டில் உலர்ந்த இறாலை இடித்துப் போடுவார்கள். "கின் ஜே" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பௌத்த முறைச் சுத்த சைவம் என்று பொருள். இறைச்சி, மீன், முட்டை மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் இருக்காது. மஞ்சள் துணியில் அல்லது பலகையில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் தெரியும் எழுத்து இருந்தால் அது ஜே கடை. யாவராத் சீனக் கடைத்தெருவிலும் சாதாரண உணவுக்கூடங்களிலும் அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சொல்லின் கடைசியில் "கா" என்று சேர்த்தால் மரியாதை. ஆண்கள் "க்ராப்" என்பார்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோற்றை உங்கள் சைவத் தோழி தயக்கமில்லாமல் சாப்பிடலாம். ஒட்டரிசியை இலேசாக உப்பும் இனிப்பும் சேர்த்து, சூடு ஆறாமல் வைப்பார்கள். மேலே வறுத்த பாசிப்பருப்பு மொறுமொறுவென்று தூவியிருக்கும். இதைச் சாப்பிட்டபோது எங்களில் ஒருத்தி தன் பாட்டி வைத்த பாசிப்பருப்புப் பாயசத்தை நினைத்து அழுதேவிட்டாள்.

பணத்துக்கு ஒரு வழி: முதல் நாளே ஆளுக்கு ஒரே தொகையைப் பொதுப்பையில் போட்டு, கணக்கில் கெட்டியான ஒருவரிடம் கொடுங்கள். அயல்நாட்டு அட்டைக்கு ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்குமேல் பிடிக்கும். ஒரே தடவையில் எடுப்பதே நல்லது. சந்தைப் பிரியைக்குச் சத்துசக் வாரச்சந்தை, சனி ஞாயிறு மட்டும். காலை ஒன்பது மணிக்கே போய்விட்டால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

ஏடும் எழுத்தும்:

தமிழாசிரியை உடன் வருகிறார் என்பதால் இதை எழுதுகிறேன். மெட்ரோவில் சாம் யோட் நிலையத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடந்தால், வாட் சுதத் கோயிலுக்கு முன்னால் சிவப்புத் தேக்குத் தூண்களாலான மாபெரும் ஊஞ்சல் நிற்கும். 1784இல் முதலாம் இராமா மன்னர் காலத்தில் நிறுவப்பட்டது. இப்போதைய மரங்கள் 2007இல் மாற்றப்பட்டவை. உயிருக்கு ஆபத்தாக இருந்த ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குரிய சடங்கு, அருகிலுள்ள தேவஸ்தான் என்ற பிராமணர் கோயிலில் மார்கழி தை ஒட்டிய நாள்களில் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயர்களில் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பாடல்களை அங்கே ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. பல தலைமுறைகளாக வாய்வழி வந்ததில் உச்சரிப்பும் தேய்ந்து உருமாறிவிட்டது. ஆயினும் மணிவாசகரும் ஆண்டாளும் கடல்கடந்து ஓர் அரசவைச் சடங்கில் வாழ்கிறார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும். தேவஸ்தானில் சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்கு மூன்று தனிக் கட்டடங்கள் உள்ளன. சிறிய இடம், படிகள் குறைவு. மூட்டுவலி உள்ளவரும் வரலாம்.

தாமிரபரணி:

மூவருக்கும் எங்கள் ஐவரின் நன்றி. வேன் இல்லை என்று முடிவாகிவிட்டது. சீலோம்வாசியின் பதிலைப் படித்துக் காட்டியதும் என் கணவரும் ஒப்புக்கொண்டார். சுரசக் அருகே இரண்டு அறைகள் பதிவுசெய்துவிட்டோம். ஒரு நாள் அரண்மனையும் வாட் போவும், ஒரு நாள் ஊஞ்சலும் தேவஸ்தானும், ஒரு நாள் சந்தை. மாலைகளில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் புதிதாக ஒன்று தெரியவந்தது. எங்கள் சைவத் தோழியின் தாத்தாவுக்கு அண்ணன் ஒருவர் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பவேயில்லை. பெயரைத் தவிர வேறு விவரம் எதுவும் வீட்டில் இல்லை. இத்தனை ஆண்டு பழகியும் எங்களிடம் அவள் இதைச் சொன்னதில்லை. மீதமிருக்கும் ஒரு நாளில், அந்த ரயில்பாதை போகும் காஞ்சனபுரிக்குப் போய்வர முடியுமா?

சீலோம்வாசி:

முடியும் அம்மா, கட்டாயம் போய்வாருங்கள். ஆற்றின் மேற்கே உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்பாக ரயில். வெளிநாட்டவருக்கு 100 பாட், மூன்றாம் வகுப்பு, குளிர்வசதி கிடையாது. மூன்று மணி நேரத்துக்குள் காஞ்சனபுரி சேரும். பிற்பகலில் திரும்பும் ரயில் உண்டு. மூட்டுவலி உள்ளவருக்கு அந்த இருக்கை கடினம் என்றால், இந்த ஒரு நாளுக்கு மட்டும் வேன் எடுப்பதில் தவறில்லை.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை போட்ட அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். ஊரிலுள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேசநாட்டுக் கைதிகள் பெயர் பொறித்த கல்லின் கீழ் உறங்குகிறார்கள். மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களுக்கு அங்கே அப்படி ஒரு கல் இல்லை. இதை உங்கள் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரிசைகளில் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். கல்லறைக்கு அருகிலேயே அந்த ரயில்பாதையின் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பாதையின் ஆற்றுப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, இறந்தவர்களுக்காக ஜப்பானியர்களே 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றும் உண்டு.

சனம் சாய் நிலையத்துக்கு அருகில் பாக் குளோங் பூச்சந்தை இரவிலும் திறந்திருக்கும். மல்லிகையும் சாமந்தியும் நம் ஊரைப்போலவே கட்டி விற்பார்கள். முந்தின நாள் மாலை ஐவரும் சேர்ந்து போய் ஒரு மாலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி அறைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலைவரை வாடாது. அந்தத் தூணடியில் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள்.